தெருவில் பிறந்த இசை



இசையின் வரலாறு என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருபவை தஞ்சாவூர் அரண்மனையும் சென்னைச் சபாக்களும்தான். சீட்டு வாங்கி உள்ளே போய், அசையாமல் உட்கார்ந்து கேட்பதே இசை என்றும், தெருவோடு போகிற மேளம் வெறும் சத்தம் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணத்தைப் பரப்பிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் கெடா மாநிலத்துக்குப் பக்கத்திலேயே, கடலைத் தாண்டி இருக்கும் பினாங்கு நகரத்தின் தெரு விழாக்களும், அங்கே கேட்பவரிடம் காசு வாங்காமல் வாசிக்கும் பல இனத்துக் கலைஞர்களும் ஆகும்.

ஜார்ஜ் டவுன் என்னும் பினாங்கின் பழைய நகரத்தை, மலாக்காவோடு சேர்த்து, யுனெஸ்கோ நிறுவனம் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. அந்த நாள் இப்போது பினாங்கில் பொது விடுமுறை. அதையொட்டிப் பழைய தெருக்களில் பாரம்பரிய விழா நடைபெறுகிறது. 2010ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுக் கலைஞர்களையும் அழைத்து ஜார்ஜ் டவுன் விழா என்ற பெருவிழாவும் நடந்து வருகிறது. அரங்கத்துக்குள் நடப்பவை சிலவற்றுக்குச் சீட்டு உண்டு. தெருவில் நடப்பவற்றுக்கு இல்லை.

'உலக இசை' என்ற பெயரில் பெரிய விழாக்கள் பல நாடுகளில் நடக்கின்றன. இங்கிலாந்தில் 1982இல் தொடங்கிய வோமாட் விழாவும், நம் நாட்டில் சரவாக் மாநிலத்துக் கூச்சிங் அருகே 1998இல் தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழாவும் பெயர் பெற்றவை. அவை நல்ல விழாக்களே. ஆனால், நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு தோட்டக் குடும்பம் விமானச் செலவும் சீட்டுச் செலவும் செய்து அங்கே போய்வர முடியுமா? ஆகவே பினாங்குத் தெருவையே பேசுவோம். அங்கே போக நமக்குப் பேருந்துக் காசும் ஃபெரிக் காசும் போதும்.

பினாங்குத் தீவு முன்பு கெடா சுல்தானுக்கு உரியது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரால் அதைக் கைக்கொண்டார். துறைமுகம் திறந்ததும் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். சீனர், மலாய்க்காரர், அச்சே நாட்டார், அரபியர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று எல்லாரும் நடந்து போய்ச் சேரும் தூரத்துக்குள் குடியேறினார்கள். பிட் ஸ்திரீட் என்று முன்பு அழைக்கப்பட்ட தெருவை ஒட்டியே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தொடக்கம் 1801 என்பர். 1818இல் கட்டி முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயமும், சீனர்களின் குவான் யின் கோயிலும் கூப்பிடு தூரத்தில்தான் நிற்கின்றன. ஒரு வீட்டுத் திருவிழா மேளம் அடுத்த வீட்டுக்காரன் காதில் விழாமல் இருக்க அங்கே வழியே இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும். கேட்டுக் கேட்டுப் பழகியதும், கை தானாகத் தாளம் போடத் தொடங்கிவிடுகிறது.

இப்படி ஒருவர் மேளம் இன்னொருவர் கலையானதற்குப் பினாங்கில் உள்ள முதன்மையான சான்று 'போரியா' ஆகும். இன்று அது பினாங்கு மலாய்க்காரர்களின் சொந்தக் கலை. ஒருவர் முன்னின்று அந்தந்தக் காலத்துச் செய்தியைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார்; அவருக்குத் 'துக்காங் காராங்' என்று பெயர். பின்னால் வரிசையாக நிற்பவர்கள் ஒரே மாதிரி உடையணிந்து, ஆடியபடி பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். பாட்டுக்கு முன்னால் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் சிறு நாடகமும் உண்டு.

இது எங்கிருந்து வந்தது? 1845ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக் காலாட்படைப் பிரிவு ஒன்று பினாங்குக் காவலுக்கு வந்தபோது, அதில் இருந்த சிப்பாய்கள் முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாள்களில் வேடம் புனைந்து, மேளம் கொட்டி, வீடு வீடாகப் பாடிச் சென்றதிலிருந்து பிறந்தது என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். போரியா என்ற சொல்லே இந்துஸ்தானியிலும் பாரசீகத்திலும் பாயைக் குறிப்பதாகும். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசியவர்கள் சென்னைப் படையில் இருந்தனர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முஹர்ரத்தை 'அல்லாசாமி பண்டிகை' என்று சொல்லி இந்துக்களும் சேர்ந்து தீ மிதித்ததை நம் பாட்டன்மார் சிலர் கண்டிருக்கக்கூடும். அந்தப் பழக்கமே கப்பலேறி வந்தது.

சிப்பாய்களின் பட்டாளம் மாறிப் போய்விட்டது. ஆனால் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அதை விடவில்லை. இந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் கலந்த ஜாவி பெரனாக்கான் சமூகத்தார் அதை எடுத்து வளர்த்தனர். பாட்டு மலாய் மொழிக்கு மாறியது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு குழு ஏற்பட்டது. ஓர் ஆண்டு மாலுமி வேடம், இன்னோர் ஆண்டு அரபியர் வேடம், வேறோர் ஆண்டு சீனர் வேடம் என்று போட்டி வளர்ந்தது. செல்வர் வீட்டு முற்றத்தில் பாடினால் பரிசு கிடைக்கும். தெருவில் நின்று கேட்பவருக்கோ இலவசம்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. 1867ஆம் ஆண்டு பினாங்கில் பெருங்கலகம் மூண்டது. சீனர் இரகசியச் சங்கங்கள் இரண்டு மோதிக்கொண்டன. அவற்றோடு முஸ்லிம்களின் செங்கொடிச் சங்கமும் வெண்கொடிச் சங்கமும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. பத்து நாள் நகரம் கொந்தளித்தது. அந்தச் செங்கொடி வெண்கொடிப் பகை போரியாக் குழுக்களிடையேயும் தொடர்ந்து, பாட்டுப் போட்டி சில வேளைகளில் அடிதடியில் முடிந்தது. பின்னாளில் சமயப் பெரியவர்கள், துக்கம் காக்க வேண்டிய மாதத்தில் இந்தக் கூத்து எதற்கு என்று கண்டித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போரியா முஹர்ரத்திலிருந்து மெல்ல விலகி, விழா மேடைக்கும் போட்டிக்கும் உரிய கலையாயிற்று. வயலினும் அக்கார்டியனும் சேர்ந்தன. மேலைநாட்டு நடனத் தாளங்களும் நுழைந்தன. பிறகு பெண்களும் பாட வந்தார்கள்.

இதே முஹர்ரம் மேளம் உலகின் மறுகோடியில் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அதே 1845ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், 'ஃபாத்தல் ரசாக்' என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவாகிய டிரினிடாட்டில் இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். 1917 வரை இந்த ஏற்றுமதி நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர். நம்மவர்களும் சிலர் இருந்தனர். லயத்து வாழ்க்கை, பிரட்டு, தண்டனை எல்லாம் நம் முன்னோர் பட்டதைப் போன்றவையே. ஆண்டுக்கொருமுறை முஹர்ரம் ஊர்வலம் ஒன்றுதான் அவர்கள் தலைநிமிர்ந்து நடந்த நாள். 'தாஸா' என்ற மேளத்தைக் கழுத்தில் மாட்டி அடித்துக்கொண்டு போவார்கள். இந்துக்களும் வந்தார்கள், கறுப்பினத்தாரும் கலந்துகொண்டார்கள்.

1884ஆம் ஆண்டு அரசாங்கம் அந்த ஊர்வலம் நகரத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. அக்டோபர் 30ஆம் நாள் சான் ஃபெர்னாண்டோ நகர எல்லையில் காவல்படை சுட்டது. குறைந்தது 16 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அதே காலத்தில் கறுப்பினத்தாரின் திருவிழா மேளத்துக்கும் தடை வந்தது. தோல் மேளம் கூடாதென்றால் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின்னையும், 1930களுக்கும் 1940களுக்கும் இடையில் எண்ணெய்ப் பீப்பாயையும் தட்டித் தட்டி, சுரம் பாடும் எஃகு மேளத்தைப் படைத்தார்கள். டிரினிடாட்டிலிருந்து இலண்டனுக்குப் பிழைக்கப் போனவர்கள் அதைக் கையோடு கொண்டு போனார்கள். 1966ஆம் ஆண்டு நாட்டிங் ஹில் பகுதியில் பிள்ளைகளுக்காக நடத்திய தெரு விழாவில், ரஸ்ஸல் ஹெண்டர்சன் என்பவரின் எஃகு மேளக் குழு நின்ற இடத்திலிருந்து கிளம்பித் தெருவோடு வாசித்துக்கொண்டே நடந்தது. வீடுகளிலிருந்து மக்கள் இறங்கிப் பின்தொடர்ந்தார்கள். ஐரோப்பாவின் மிகப்பெரிய தெரு விழாக்களில் ஒன்று அப்படித்தான் உருவாயிற்று. தாஸா மேளமோ இன்று டிரினிடாட்டில் திருமண வீடு, திருவிழா எல்லாவற்றிலும் முழங்குகிறது. இந்தியர் அல்லாதவர்களும் அடிக்கிறார்கள்.

தாஸா ஆட்டுத்தோலால் போர்த்தது. அடிப்பதற்கு முன் தீ மூட்டி அனலில் காட்டித் தோலை விறைக்க வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் உங்களுக்கு எந்த மேளம் நினைவுக்கு வருகிறது?

அதற்குப் போவதற்கு முன் நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் 1929இல் பிறந்து, வயலினும் பாட்டும் கற்ற இளைஞர் ஒருவர், 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த வேளாண்மை விழாவில் மேடையேறிப் பாடினார். கூலிமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் இருக்கும் அதே புக்கிட் மெர்தாஜாம்தான். கூட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்திருந்த திரைப்பட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் நின்று கேட்டார். சிங்கப்பூருக்கு வரும்படி அழைத்தார். பாடியவர் பி. ரம்லி. பிறகு நடந்ததை நாடே அறியும். பினாங்கில் 1880களில் பாங்சாவான் நாடகம் தோன்றியபோதும் இப்படித்தான். பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்தவர்கள், ஆர்மோனியத்தையும் தபலாவையும் வைத்துக்கொண்டு மலாய் நாடகம் போடத் தொடங்கினார்கள்.

கெடாவிலோ மேளத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அலோர் ஸ்டார் நகரத்தின் நடுவில், எட்டுப் பட்டையுள்ள கோபுரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பாலாய் நோபாட். அரசரின் மங்கல வாத்தியங்கள் அங்கே காக்கப்படுகின்றன. சுல்தானின் முடிசூட்டு, அரண்மனைச் சடங்கு ஆகியவற்றில் அவை ஒலிக்கும். வாசிப்பவர்களும் வழிவழியாக வந்த குடும்பத்தார். அதில் உள்ள பெரிய முரசுக்கு 'நெஹாரா' என்று பெயர். நம் கோயில் வாசலில் கிடக்கும் நகராவும் அதுவும் பெயரால் ஒன்றே. 'செருனாய்' என்னும் குழலைக் கண்ணால் பார்த்தால், நாதஸ்வரத்துக்குத் தம்பி என்று தோன்றும். அரசர் மேளத்துக்கே இப்படி உறவு முறை பல நாடுகளில் பரந்திருக்கும்போது, தெரு மேளத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இனி நம் மேளத்துக்கு வருவோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் முகாமில் அடைபட்டு, பிறகு கெடாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோர், மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவற்றுள் தப்பும் ஒன்று. பறை என்பதும் இதுவே. வட்டமான மரச் சட்டம். அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான குச்சி. இதோடு உறுமியும் வந்தது. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசினால், அடிவயிற்றிலிருந்து ஒருவர் முனகுவது போல ஒலி எழும். தோட்டத்து மாரியம்மன் கோயில் கரகம் அதற்குத்தான் ஆடும். சாவு வீட்டிலும் அதே மேளம்தான் அடிக்கும்.

சாவு வீட்டில் அடிப்பதனாலேயே அதை இழிவென்று ஒதுக்கினோம். உண்மையைச் சொன்னால், அடித்தவர்களின் சாதியைக் கருதி ஒதுக்கினோம். கடலைத் தாண்டி வந்தும் அதை மட்டும் தாண்டவில்லை. ஆனால் தொல்காப்பியம், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. நெல் அறுக்கும்போது ஒரு பறை, மீன் பிடிக்கும்போது ஒரு பறை என்று உரையாசிரியர்கள் பிரித்துச் சொல்லுகிறார்கள். பயிற்சிக் கல்லூரியில் இதை நான் மனப்பாடம் செய்து தேர்வும் எழுதினேன்.

எழுதியும் என்ன பயன்? கல்லூரி முடித்து முதன்முதலில் ஒரு தோட்டப் பள்ளிக்கு வந்த ஆண்டு, பரிசளிப்பு விழாவுக்கு நிகழ்ச்சி கேட்டேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் தப்பு அடிக்கிறேன் என்றான். அவன் தகப்பனார் பால்வெட்டு முடித்து, அந்த உடையோடேயே பள்ளிக்கு வந்து, அரிசிச் சாக்கில் சுற்றிய தப்பை என் மேசைமேல் வைத்தார். "சாவு மேளம் மேடைக்கு வேண்டாம் அண்ணே, பெரிய அதிகாரிகள் வருவார்கள்" என்றேன். "சரிங்க சார்" என்று சொல்லி, மறுபடியும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பதிலாக ஒலிநாடாவில் சினிமாப் பாட்டைப் போட்டு, நான்கு பிள்ளைகளை ஆடவைத்தோம். விழாவன்று அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், இப்போதைய பள்ளிப் பிள்ளைகளைப் பினாங்குத் தெரு விழாவுக்கு அழைத்துப் போனேன். கார்களை நிறுத்தித் தெருவை மக்களுக்கு விட்டிருந்தார்கள். ஒரு முனையில் மலாய் இளைஞர்கள் கொம்பாங் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கடை வாசலில் சீனர் சிங்க நடனம். சற்றுத் தள்ளிப் போரியாக் குழு ஒன்று, விலைவாசியைப் பற்றிப் பாடிச் சிரிக்க வைத்தது. என் பிள்ளைகள் அதன் பல்லவியை அன்று முழுவதும் பாடிக்கொண்டே இருந்தார்கள். பெருநிலப் பக்கத்திலிருந்து வந்திருந்த உறுமி மேளக் குழு ஒன்று, தன் முறைக்காகக் காத்திருந்தது.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரத்தில் விட்டுவிட்டது. ஆனால் தப்பின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிட்டது. அடித்தால் தொப்பு தொப்பென்று கேட்டது. பழைய கட்டடங்கள் நிறைந்த தெருவில் வைக்கோலைக் கொளுத்தவா முடியும்? இளைஞர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எதிரில் காப்பிக்கடைச் சீனர் ஒருவர், என்ன ஏதென்று கேட்காமல், ரொட்டி வாட்டும் கரி அடுப்பை இரண்டு கையாலும் தூக்கி வந்து நடைபாதையில் வைத்தார். சிங்க நடனத்துக்குப் பெரிய மேளம் அடித்த முதியவரும் பக்கத்தில் வந்து குந்தினார். தப்பை வாங்கி, அனலில் எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டுமென்று அவரே பார்த்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். விரலால் சுண்டினார், காதருகே வைத்துக் கேட்டார், இன்னும் கொஞ்சம் என்று தலையசைத்தார். தோல் மேளக்காரனுக்கு ஈரத்தின் கேடு தெரியாதா? பிறகு தெரு அதிர்ந்தது. என் மாணவி ஒருத்தி, "சார், இது எங்க பாட்டி செத்தப்ப அடிச்சதுதானே? இங்க ஏன் எல்லாரும் ஆடுறாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

குழுவில் மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தாய்மாமனிடம் கற்றாராம். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயில் மட்டும் இடம் மாறி நிற்கிறதாம். எழுதிவைத்த பாடம் ஏதுமில்லை. எந்த அடிக்கு என்ன பெயர் என்பது மாமனோடு பாதி போய்விட்டது என்றார்.

அடுத்த வாரமே அந்தப் பழைய தகப்பனாரைத் தேடிப் போனேன். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு, சுங்கைப் பட்டாணிப் பக்கம் மலிவு விலை வீடொன்றில் மூத்த மகளோடு இருக்கிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டார், காப்பி கொடுத்தார். நான் பழைய பேச்சை எடுப்பதற்குள், "விடுங்க சார்" என்றார். தப்பு இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய், அதே போன்ற ஓர் அரிசிச் சாக்கை எடுத்து வந்தார். தோல் கிழிந்து தொங்கியது. மரச் சட்டம் கை பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. அவருடைய தகப்பனார் கப்பலில் கொண்டுவந்ததாம்.

"தோல் போயிடுச்சு சார். கட்டை நல்லாத்தான் இருக்கு. தோலு மாத்திக்கலாம்" என்றார். சற்று நேரம் சட்டத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படிக்கிற பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று கேட்டார்.

பதினொரு பேர் என்றேன்.